வீட்டை விற்று டாக்டர் படிப்பா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார். உள்ளூர் மருத்துவப் படிப்புக்கு ஏ நிலைத் தேர்வு மதிப்பெண் எட்டவில்லை. "வீவக அடுக்குமாடி வீட்டை வித்தாவது வெளிநாட்டுல சேர்த்துடு"ன்னு நாத்தனார் சொல்கிறாராம். "கவலைப்படாதீங்கம்மா" என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்ல மனம் வரவில்லை.

அந்தக் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா? யாரும் பார்க்கவில்லை. குடியிருக்கும் கூரையைப் பணயம் வைக்கச் சொல்பவர் தவணை கட்டப்போவதில்லை. வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். கணினி, சட்டம் பற்றி ஊரே சொல்லும், அதையும் விடுங்கள்.

மகள் ஒரு குறிப்பேட்டை நீட்டினாள். இரண்டு சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள்: டிஷ்யூ பொட்டலம் வைத்து யாரோ இடம்பிடித்த மேசையில் எத்தனை பேர் துணிந்து உட்கார்ந்தார்கள், தனியாகவா, கூட்டமாகவா என்று. பிறர் நடுவே மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்வது ஒரு வேலை, அம்மா. தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் மீது உணவங்காடிகளில் 2021 செப்டம்பரில் நடவடிக்கை தொடங்கியதே, நாம் அபராதத்துக்குப் பயந்து தட்டை எடுக்கிறோமா, பக்கத்து மேசையின் பார்வைக்குப் பயந்தா? இந்த மாதிரிக் கேள்விதான்.

அம்மாவிடமே கேட்டேன். "நாத்தனாருக்குப் பத்து வெள்ளி கொடுக்கிறேன். அவர் உங்களோட பங்கு போடணும். நீங்க வேணாம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு ஒரு வெள்ளி தர்றாங்க."

"வேணாம்னுடுவேன் சார்."

"ஒரு வெள்ளி போயிடுமே?"

"போகட்டும். அவங்களுக்கும் போகுதில்ல?"

1982இல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்ற பொருளியலாளரும் சகாக்களும் நடத்திய விளையாட்டு இது. வெறும் லாபக் கணக்குப்படி ஒரு வெள்ளியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பிற்பாடு பல நாடுகளில் விளையாட வைத்தபோதும், பங்கு பத்தில் இரண்டுக்குக் கீழே போனால் பலர் உதறிவிடுகிறார்கள். அந்த ரோஷத்தை அளப்பவர்தான் ஆய்வாளர்.

வழி நீளம்தான். உளவியலிலோ பொருளியலிலோ நான்கு ஆண்டு ஆனர்ஸ். விடுமுறையில் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. பிறகு முனைவர் பட்டத்துக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு. முனைவர் படிப்புக்குக் கைக்காசு ஒரு வெள்ளியும் போடாதீர்கள். கட்டணத்தோடு மாத உதவித்தொகையும் தரும் இடம் கிடைத்தால் மட்டும் போகட்டும்.

மகளுக்கும் ஒன்று சொன்னேன். வேடிக்கை பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. மிச்சமெல்லாம் புள்ளியியலும் நிரல் எழுதுவதும். குறிப்பேட்டு எண்களை முதலில் அட்டவணையாகப் போடு. அதிலேயே சலிப்புத் தட்டினால் திரும்பி வா, வேறு பேசுவோம்.