சீருடை அல்ல, வேலை: மழலையர் பாவனை விளையாட்டு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எங்கள் அங்கன்வாடியில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘நமக்கு உதவுவோர்’ என்ற தலைப்பை நடத்தச் சுவரில் ஒட்டும் படங்கள் மட்டுமே உள்ளன. விளையாட்டாக நடத்த என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் நன்கு அறிந்த பேருந்திலிருந்து தொடங்குங்கள். பாயை நீளவாக்கில் விரித்து இருவர் இருவராக உட்கார வைத்தால் அதுவே வண்டி. நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களைத் துண்டு போட்டால் பயணச்சீட்டு. சில்லறைக்குப் புளியங்கொட்டை வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளை அதை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய அட்டை போதும். ஒரே ஊதலைப் பல பிள்ளைகள் வாயில் வைப்பதும் நல்லதல்ல. வாயாலேயே ஒலி எழுப்பட்டும்.

பொருளைவிட முக்கியம், விளையாடுவதற்கு முன் பிள்ளைகள் அந்த வேலையை நேரில் பார்த்திருப்பது. அருகிலுள்ள நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்று, நடத்துநர் ரூபாய்த் தாள்களை விரலிடுக்கில் மடித்து வைத்திருப்பதையும், கடைசி ஆள் ஏறிய பிறகே ஊதுவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குப் புறப்பட வேண்டும். கதை நேரத்தில் இரண்டு நிமிடம்கூட ஓரிடத்தில் உட்காராத சிறுவன் ஒருவன், ஓட்டுநராக ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது விசில் வரும்வரை அசையாமல் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாவனை விளையாட்டுக்குள்ளேயே விதி இருக்கிறது என்றும், அந்த விதிக்காகப் பிள்ளை தன் உந்துதலைத் தானே அடக்கிக்கொள்கிறது என்றும் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-ஆம் ஆண்டு உரையொன்றில் விளக்கினார். அந்தத் தட்டைப் பிடித்திருந்த கைகளில் நான் கண்டது அதைத்தான்.

கேள்வி: என் நான்கு வயது மகன் போலீஸ் வேடம் போட்டால் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், நிஜமான காவலரைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறான். என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். “சாப்பிடாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன்” என்று வீட்டில் யாரேனும் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காவலர் என்றால் அடிப்பவர், பிடித்துச் செல்பவர் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளை, உதவக்கூடிய காக்கிச் சட்டைக்காரரைக் கண்டே ஓடி ஒளிந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்து, அந்த மிரட்டலை இன்றே நிறுத்துங்கள்.

பிறகு ‘காணாமல் போன பாப்பா’ என்று விளையாடுங்கள். பொம்மை தொலைந்துவிட்டது, உங்கள் மகன்தான் காவலர். அவன் மண்டியிட்டுப் பொம்மையின் பெயரைக் கேட்க வேண்டும். அம்மா பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவதுபோல் கிறுக்க வேண்டும். பொம்மையை வீடு சேர்க்கும்வரை உடன் இருக்க வேண்டும். மறுநாள் அவனே தொலைந்த பிள்ளையாகட்டும். தன் விவரங்களைச் சொல்லும் பழக்கமும், அவசர உதவிக்கான 112, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய தொலைபேசி எண்களும் இந்த விளையாட்டிலேயே மனத்தில் பதிந்துவிடும். ஊசிக்குப் பயப்படும் பிள்ளைக்கும் இதே வழிதான். ஆனால் “வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்லாதீர்கள். “கொஞ்சம் வலிக்கும், கையைப் பிடித்துக்கொள்” என்று பிள்ளையே தன் கரடிப் பொம்மையிடம் சொல்லட்டும்.

கேள்வி: மழலையர் பள்ளியில் தூய்மைப் பணியாளர் வேடம் கொடுத்தபோது, “எங்கள் பிள்ளைக்கு ஏன் இந்த வேடம்?” என்று ஒரு பெற்றோர் கோபித்துக்கொண்டார். இனி அதைத் தவிர்த்துவிடலாமா?

பதில்: தவிர்க்கவே கூடாது. தவிர்த்தால், அந்த வேலை இழிவானது என்பதைப் பள்ளியும் ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழ்நாட்டில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற அரசுப் பெயர் 2020-இல் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாறியது. ஆனால் குப்பை வண்டி வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பெரியவரைப் பார்த்தே பிள்ளை பாடம் கற்கிறது. அந்த வேடத்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். குறிப்பாக, யாருடைய பெற்றோர் அந்த வேலை செய்கிறார்களோ அந்தப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டுவது பெரும் கொடுமை. எல்லாரும் முறைவைத்து வரட்டும். பச்சைக் கூடையில் காய்கறித் தோல், நீலக் கூடையில் காகிதம் என்று பிரிப்பது, கையுறை மாட்டுவது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது ஆகியவை நான்கு வயதுக்கு ஏற்ற, மூளைக்கு வேலை தரும் செயல்கள். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றித் தனியே தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த அக்காவின் கை கிழியும் என்று வீட்டுக்காரராக நடிக்கும் பிள்ளைக்குப் புரியவையுங்கள். கோபித்துக்கொண்ட பெற்றோரை அந்த விளையாட்டைப் பார்க்க அழையுங்கள்.

கேள்வி: “பெண் பிள்ளை பஸ் ஓட்டக் கூடாது” என்று ஒரு சிறுவன் சண்டை போடுகிறான்.

பதில்: கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இலேயே தமிழக அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கையை அன்று சிறுமியிடம் கொடுங்கள்.

கேள்வி: மாறுவேடப் போட்டி வைத்தால் போதாதா?

பதில்: போதாது. வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கோட்டுடன் மேடையில் நின்று, மனப்பாடம் செய்த இரண்டு வரிகளைச் சொல்லும் பிள்ளை, மருத்துவர் நோயாளியிடம் என்ன கேட்பார் என்பதை அறிவதில்லை. செலவும் பெற்றோரின் பதற்றமுமே மிச்சம்.

கேள்வி: என் மகள் எந்த வேடமும் ஏற்காமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பதில்: பார்ப்பதும் விளையாட்டின் ஒரு பகுதிதான், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பேச்சே தேவைப்படாத ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அஞ்சலகத்தில் முத்திரை குத்துவது அப்படிப்பட்டது: பாதியாக வெட்டிய வெண்டைக்காயை மையில் தோய்த்து ஒவ்வொரு கடிதத்திலும் குத்தினால் பூப்போன்ற வட்டம் விழும். கடிதம் தர வருகிறவர்கள் அவள் எதிரே வரிசையில் நிற்பார்கள். சில நாள் கழித்து, முத்திரை சரியாக விழாத கடிதத்தை அவளே திருப்பிக் கேட்பாள்.