காசிமேட்டுக் கடைக் கணக்கும் அனுபவம்தான்

கேள்வி: அக்கா, நான் 2022-இல் பி.காம். முடித்தேன். டேலி தெரியும். பாரிமுனை ஷிப்பிங் ஆபீஸ்கள், மணலி, மாதவரம் பக்கம் உள்ள கன்டெய்னர் யார்டுகள் என்று கணக்கு வேலைக்கு ஒரு வருஷமாக விண்ணப்பம் அனுப்புகிறேன். ஒரே மெயிலில் எல்லா ஆபீஸையும் சேர்த்து அனுப்பிவிடுவேன். பதிலே இல்லை. படிப்பு முடிந்ததிலிருந்து காசிமேட்டில் மாமாவின் படகு உதிரிபாகக் கடையில் பில் போட்டு, கணக்கு எழுதி, ஜிஎஸ்டி விவரமும் தயார் செய்து ஆடிட்டருக்கு அனுப்புகிறேன். சொந்தக்காரர் கடை என்பதால் அதை விண்ணப்பத்தில் போடவில்லை. எங்கள் ஏரியா பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். அண்ணா நகர் அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாமா? என் விண்ணப்ப நகலை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: தங்கச்சி, உங்கள் விண்ணப்பத்தில் 'அனுபவம்: இல்லை' என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. தம்புச்செட்டித் தெருவில், சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவள் நான். இந்த வரி இருந்தால் அந்தக் காகிதத்தை மேலே படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதுவும் உங்கள் விஷயத்தில் அது உண்மையே இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைப் பழுது பார்க்கிற நேரமும் அதுதான். அப்போது உங்கள் கடையில் சரக்கு நிறையப் போகும், அதில் பாதி கடனுக்குப் போகும். படகு மறுபடி கடலுக்குப் போய் வந்த பிறகுதானே படகுக்காரர் கையில் காசு புரளும்? யாரிடம் எவ்வளவு நிற்கிறது, யாரிடம் எப்போது கேட்பது, யாருக்கு இன்னும் ஒரு வாரம் விடுவது என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறது. கிளியரிங் ஆபீஸ்களும் கிளையன்ட்டுக்காகப் பல கட்டணங்களைத் தங்கள் கைக்காசில் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கின்றன. பாக்கியைக் கணக்கு வைத்துக் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள்தான் அங்கே வேண்டும்.

அதனால் விண்ணப்பத்தில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே முதலில் இது வரட்டும்: 'படகு உதிரிபாகக் கடை, காசிமேடு. கணக்கர், 2022 முதல் இன்று வரை. தினசரி பில், டேலியில் பதிவு, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல், ஜிஎஸ்டிஆர்-1, 3பி விவரம் தயாரித்தல், கடன் பாக்கி வசூல்.' கடைப் பெயரையும் சேர்த்து, எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். மாதத்துக்கு எத்தனை பில், எத்தனை பேருடைய பாக்கிக் கணக்கு என்பதைப் பேரேட்டைப் பார்த்து உள்ளபடி போடுங்கள். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். மாமா கடை என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. நேரில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். விசாரிக்க யார் நம்பர் என்று கேட்டால், ஆடிட்டரிடம் அனுமதி வாங்கி அவர் நம்பரைக் கொடுங்கள். மாமா புகழ்வதைவிட ஆடிட்டர் 'ஆமாம், விவரம் சரியாக வரும்' என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இனி விலாசம். ஏரியா பெயரை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானே மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். அது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனாலும் அத்தை வீட்டு விலாசம் வேண்டாம். வேலை உறுதியாகும் நேரத்தில் ஆதார் கேட்பார்கள், விலாசம் வேறாக இருந்தால் அதுவரை சொன்ன எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். கதவு எண், தெரு எதுவும் தேவையில்லை, 'கொருக்குப்பேட்டை, சென்னை' போதும். நீங்கள் கேட்கிற வேலைக்கு அந்த ஊர்ப் பெயர் பலம். கப்பலுக்குக் கன்டெய்னர் பெட்டி சேர வேண்டிய கடைசி நேரம் நெருங்கினால் ஷிப்பிங் ஆபீஸில் வேலை இரவு வரை இழுக்கும். தாம்பரத்திலிருந்து வருகிறவருக்கு வீடு திரும்புவது பெரிய பாடு. உங்களுக்குப் பாரிமுனையும் கிட்டே, மணலியும் கிட்டே. வீட்டில் சம்மதம் இருந்தால் 'பாரிமுனைக்கும் மணலிக்கும் அருகில் வசிக்கிறேன், தாமதமானாலும் பணி செய்ய இயலும்' என்று ஒரு வரி சேருங்கள்.

எல்லா ஆபீஸையும் ஒரே மெயிலில் சேர்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். திறப்பவர் கண்ணில் மற்ற ஆபீஸ் பெயர்கள்தான் முதலில் படும். ஒரு ஆபீஸுக்கு ஒரு மெயில், தலைப்பில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும், உள்ளே நான்கு வரி. அந்த ஆபீஸ் ஏற்றுமதி பார்க்கிறதா, இறக்குமதி பார்க்கிறதா என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் போடுவது ஷிப்பிங் பில், இறக்குமதிக்குப் பில் ஆஃப் என்ட்ரி. நேர்முகத்தில் இதைக் குழப்பினால் கஷ்டம். அப்புறம், போட்டோ, அப்பா பெயர், மதம், ஆதார் எண், 'சவாலான பணியை நாடுகிறேன்' என்ற பத்தி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டம் போட்ட அட்டவணையும் வேண்டாம், வேலை இணையதளங்களின் மென்பொருள் அதைச் சில நேரம் சரியாகப் படிப்பதில்லை. ஒரே பக்கம் போதும். ஒரு வாரம் கழித்துப் பதில் இல்லையென்றால் காலை பதினோரு மணிவாக்கில் போன் செய்யுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை, தங்கச்சி.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் அப்ரன்டிஸாகச் சேர்க்க 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார் ஒரு கன்சல்டன்சிக்காரர். கொடுக்கலாமா?
- ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி கம்பெனிதான் பயிற்சி பெறுகிறவருக்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். மத்திய அரசின் அப்ரன்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் மகன் தானே பதிவு செய்யலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்கள் அறிவிப்பு வெளியிட்டு நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. பணம் ஏற்கெனவே போனில் அனுப்பியிருந்தால் இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதமாக ஆக அந்தப் பணத்தை முடக்கி வைப்பது கஷ்டம்.