கால் மறக்காது, அதுதான் சிக்கல்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 58. 1989-ல் வாங்கிய புல்லட்டை மகள் பிறந்ததும் விற்றுவிட்டேன். அப்புறம் கார்தான். வெளிநாட்டுக்குப் போன மருமகன் தன் புது புல்லட்டை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். தினமும் துடைத்து வைக்கிறேன், எடுக்கத்தான் தயக்கம். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். இந்த வயதில் மறுபடி ஓட்டலாமா?

ஒரு வாசகர், செங்கல்பட்டு

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்டலாம். நானும் 22 வருடம் விட்டுவிட்டு 54 வயதில் திரும்ப வந்தவன்தான். ஓட்டத் தெரியுமா என்ற பயம் முதல் பத்து நிமிடத்தில் போய்விடும். கிளட்சை விடுவதும், வளைவில் உடம்பைச் சாய்ப்பதும் தானாக வந்துவிடும். எனக்குக் கவலை அதில் இல்லை. உங்கள் காலுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது, அதில்தான்.

நீங்கள் ஓட்டிய, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என்ஜின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்பிரஷர் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் கிக்கரை முழுசாக மிதிப்போமே, அந்த வண்டி. மருமகனின் வண்டியில் பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் கால்கள் இடம் மாறிவிட்டன. கியர் இடது பக்கம், பிரேக் வலது பக்கம்.

வாலாஜாபாத் ரோட்டில் ஒருநாள் காலையில் ஆடு ஒன்று குறுக்கே ஓடி வந்தது. யோசிக்கவே நேரமில்லை, இடது காலால் ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. கியர்தான் ஒன்று இறங்கி, என்ஜின் அலறியது. வலது கை முன் பிரேக்கைப் பிடித்ததால் ஆடும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். அதுவரை மூன்று வாரம் ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டியிருந்தேன். நிதானமாக ஓட்டும்போது புதுப் பழக்கம் வேலை செய்யும். பதறும்போது பழைய பழக்கம்தான் முந்திக்கொண்டு வரும்.

அதனால் ரோட்டுக்குப் போகுமுன் காலி மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பிரேக் பிடியுங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை, இரண்டு வாரம். முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழைய டிரம் பிரேக்கை நம்பாமல், 'முன் பிரேக் பிடித்தால் தூக்கி வீசிவிடும்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அழுத்திப் பிடித்தாலும் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளாது.

கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் அந்த நாளைவிட இப்போது அதிகம் கூசும். முதல் சில மாதம் இருட்டிய பிறகு வண்டியை எடுக்க வேண்டாம். லைசென்ஸில் தேதியையும் பார்த்துவிடுங்கள். முடிந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த மைதானத்துக்கு அவரையும் கூட்டிப் போங்கள், நீங்கள் பழகுவதை அவர் பார்க்கட்டும். பின்னால் உட்கார வைப்பதை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள், ஆள் ஏறினால் வண்டி நிற்கும் விதமே மாறும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்கும்போது, அவர் தலைக்கும் அளவு பார்த்து ஒன்று வாங்கிவிடுங்கள்.