காற்றாலைகள் மட்டும் போதுமா? கோபன்ஹேகன் காட்டும் விடை

சூரியத் தகடுகளும் காற்றாலைகளும் நிறுவினாலே ஒரு நகரம் குறைகார்பன் நகரமாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் போன்ற குளிர்நாட்டு நகரத்தில் வீட்டு ஆற்றலின் பெரும்பங்கு அறைகளைச் சூடாக்குவதற்கே செலவாகிறது.

1973-இன் எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த அடிக்குப் பிறகு 1979-இல் இயற்றப்பட்ட வெப்ப வழங்கல் சட்டம், வீடுகளை எவ்வாறு சூடாக்குவது என்பதைத் திட்டமிடும் பொறுப்பை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. மின்நிலையங்களிலும் குப்பை எரிப்பு ஆலைகளிலும் வீணாகக்கூடிய வெப்பம், நிலத்தடிக் குழாய்களில் வெந்நீராக ஓடி, இன்று நகரின் ஏறத்தாழ எல்லாக் கட்டடங்களையும் சென்றடைகிறது.

இத்தகைய நகரங்களை ‘ஸ்மார்ட்’ நகரங்கள் என்கிறார்களே, அந்தச் சொல் இங்கேதான் பொருள் பெறுகிறது. காற்று பலமாக வீசி மின்சாரம் மலிவாகும் நேரத்தில் வெப்ப ஏற்றிகளும் (சுற்றுப்புற வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து உயர்வெப்பமாக்கும் கருவிகள்) மின்கொதிகலன்களும் நீரைச் சூடாக்கிப் பெரிய தொட்டிகளில் சேமிக்கின்றன. வெந்நீரைச் சேமிப்பது மின்கலத்தில் மின்சாரத்தைச் சேமிப்பதைவிட மிகவும் மலிவு. நார்ட்ஹாவன் துறைமுகப் பகுதியில் ஒரு படி மேலே போய், கட்டடச் சுவர்களையே சில மணிநேர வெப்பக் கிடங்காகப் பயன்படுத்தி, காலைநேர உச்சத் தேவையைத் தணிக்க முடியுமா என்று சோதித்தார்கள்.

குறைகளும் உண்டு. மின்நிலையங்களில் மரக்கட்டையை எரிப்பதைக் கார்பன் நடுநிலை (வெளியிடும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாக இருப்பது) என்று கணக்கிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 2025-க்குள் கார்பன் நடுநிலை அடைவோம் என்ற இலக்கையும், குப்பை எரிப்பு ஆலையில் கார்பனைப் பிடிக்கும் திட்டத்துக்கு உரிய நிதி கிடைக்காததால், நகரம் 2022-இல் கைவிட்டது.