கணினிக் கேள்வி பதில்: அண்ணாச்சியின் நோட்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனிதரைப் பற்றியவை. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், பாளையங்கோட்டையில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகளாக மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, கணினியில் தமிழோடு மல்லுக்கட்டி அழைத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு காசு வாங்காமல் வழி சொன்ன அண்ணாச்சி சென்ற மாதம் காலமானார். குடும்பத்தார் விருப்பப்படி அவர் பெயரை இங்கே அச்சிடவில்லை. இந்தப் பகுதியில் நான் எழுதிய பதில்களில் பலவற்றை அவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதால், இந்த இதழ் முழுவதையும் அவரைப் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக அண்ணாச்சியிடம் தொலைபேசியில் சந்தேகம் கேட்டிருக்கிறேன். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் இறந்த செய்தி கேட்டு அழுதபோது, "பார்த்தே இராத மனுஷருக்கு இவ்வளவு அழுகையா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. இனி நான் துட்டி கேட்கப் போவது முறையாகுமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அவசியம் போய் வாருங்கள், அம்மா. உரிய நாளில் வர முடியாதவர்கள் மாதம் கழித்து வந்து துட்டி கேட்பதை நம் பக்கத்தில் யாரும் குறையாக நினைப்பதில்லை. நீங்கள் போக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் போயிருந்தபோது அவருடைய மனைவி, "சாயங்காலம் ஆனா அவுக யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருப்பாக, என்ன ஏதுன்னு நான் கேட்டதில்ல" என்று சொன்னார். தம் கணவர் எத்தனை பேருடைய பிழைப்புக்குக் கை கொடுத்தார் என்பது அந்த அம்மாவுக்கு இப்போதுதான் ஒவ்வொருவராக வந்து சொல்லத் தெரியவருகிறது.

பேச்சின் நடுவே அவர் உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று பத்தி: முதலில் ஊரும் ஆளும், அடுத்து சிக்கல், கடைசியில் 'சரியாயிற்றா?' என்று ஒரு கட்டம். சரியானவற்றுக்கு அதில் பச்சை மையில் ஒரு குறி இருந்தது. குறி விழாத வரிகளுக்கு எதிரே இரண்டு மூன்று தேதிகள் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. அவர் தாமாகவே திரும்ப அழைத்து விசாரித்த நாட்கள் அவை. 'அம்பை, அச்சகம், ஔ' என்று ஒரு வரி இருக்கிறது. அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். எதிரே பச்சைக் குறி இருக்கிறது.

முகம் பாராதவருக்காக அழுவது புதிதல்ல. உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் என்ற இயங்குதளத்துக்கு உழைத்தவர்களில் ஜோயல் கிளெக்கர் என்ற இளைஞரும் ஒருவர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோயால் அவர் படுக்கையில் கிடந்தபடியே அந்த வேலையைச் செய்தார் என்பது உடன் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டு ஜூலையில், 21 வயதில் அவர் இறந்தார். அடுத்த மாதம் வெளியான டெபியன் 2.2 பதிப்பை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். அவர்களில் பலரும் உங்களைப் போலவே அவரை நேரில் கண்டிராதவர்கள்.

கேள்வி: அண்ணாச்சி எங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் குறுஞ்செய்திகளும் பலருடைய கைபேசிகளில் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொகுத்து ஒரு சிறு புத்தகமாக இலவசமாக அச்சிட்டுத் தர விரும்புகிறேன். செய்யலாமா? எப்படிச் செய்ய வேண்டும்?
— அச்சக உரிமையாளர், பாளையங்கோட்டை

பதில்: செய்ய வேண்டிய வேலை இது, கைபேசிகள் பழுதாகும் முன்பே தொடங்குங்கள். முதலில் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒருவருடைய எழுத்தின் உரிமை, அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் வாரிசுகளிடமே இருக்கும் என்பது நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம். இலவசமாகத் தருகிறோம் என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. கேட்டவர்களுடைய பெயர், எண், கடவுச்சொல் போன்றவை பதிவுகளில் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு விடையையும் இன்றைய கணினியில் செய்து பார்த்து, எந்த ஆண்டில், எந்த மென்பொருளுக்குச் சொன்னது என்று குறியுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த வழி இன்று இல்லாமல் போயிருக்கலாம்.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று. விடையை மட்டும் பிரித்தெடுத்துச் சுருக்கி அச்சிட்டுவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்விகளையும் அப்படியே வையுங்கள். அம்பாசமுத்திரத்து வாசகியின் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். பள்ளி நூலகம் ஒன்றுக்காக அவர் தட்டிய பட்டியலில் ஔவையார் நூல்களைத் தேடினால் பாதிதான் வந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. வேறொருவராக இருந்தால் 'எழுத்துரு கெட்டுவிட்டது, மாற்றுங்கள்' என்று சொல்லியிருப்பார். அண்ணாச்சி, தேடலில் அகப்படாத ஒரு பெயரின் முன்னால் இடஞ்சுட்டியை (கர்சரை) வைத்து, வலப்பக்க அம்புக்குறியை ஒரே ஒரு தடவை அழுத்தச் சொல்லியிருக்கிறார். "எழுத்தைத் தாண்டிட்டா, நடுவுல நிக்குதா?" நடுவில் நின்றது. அகப்பட்ட பெயரில் அதையே செய்தபோது ஒரே தாவலில் தாண்டியது. 'ஔ' என்ற ஒரே எழுத்து ஒரு பாதியிலும், 'ஒ' என்ற எழுத்தும் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தும் மறுபாதியிலும் இருந்திருக்கின்றன. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். இதை அவர் சொல்லவில்லை. அந்த அம்மாவே கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருந்தார். அவசரப்படுகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொன்ன, "பைய செய்யுங்க, எங்கயும் ஓடிறாது" என்ற வார்த்தையையும் திருத்தாமல் அச்சிடுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருதும் பரிசுத் தொகையும் வழங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— கல்லூரி மாணவர், திசையன்விளை

பதில்: நல்ல எண்ணம்தான்; ஆனால் அந்தத் தொகைக்கு வேறு பயன் தேடுவதையே நான் விரும்புவேன். 1991இல் விம் என்ற உரைத்தொகுப்பியை வெளியிட்ட பிராம் மோலனார், அதைப் பயன்படுத்துகிறவர்களிடம், உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2023 ஆகஸ்டில் அவர் மறைந்த பிறகும் அந்த வேண்டுகோள் அந்த மென்பொருளோடு இருக்கிறது. நம்மவர்களில், அதிராம்பட்டினத்து உமர்தம்பி, தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ் தெரிய வேண்டும் என்று தேனீ எழுத்துருவை உருவாக்கி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு 2006இல் மறைந்தார். அண்ணாச்சி தம் கைக்காசில் செய்தது ஒன்றுண்டு: பழைய கணினிகளை வாங்கிச் சீர்செய்து கிராமத்து நூலகங்களுக்குக் கொடுத்தார். பரிசுத் தொகையில் அதைத் தொடரலாம்.

கேள்வி: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றுவதை அண்ணாச்சியிடம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தப்பாகச் சொல்லி யாருடைய வேலையாவது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அவர் அளவுக்கு எனக்குத் தெரியாதே?
— வாசகர், வள்ளியூர்

பதில்: அவரும் தப்பாகச் சொன்னதுண்டு, தம்பி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தபோது, பல கடைகளிலும் அச்சகங்களிலும் கணினிகள் சேற்று நீரில் மூழ்கின. தொலைபேசி இணைப்பு திரும்பிய அன்று மாலையே அழைப்புகள் குவிந்தன. நனைந்த ஹார்ட் டிஸ்கிற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள் என்று அவர் சொன்னது சரி. வெயிலில் நன்றாக உலர்த்துங்கள் என்று சொன்னது தவறு. தண்ணீர் உலர்ந்தால் அதிலிருந்த வண்டலும் உப்பும் உள்ளிருக்கும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயாமல் பையில் இறுக்கி மூடி, தகவல் மீட்கத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதே முறை. இரவு அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர், விடிந்ததும் நோட்டைப் பிரித்து, முந்தைய நாள் அழைத்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "நேத்து நான் சொன்னது தப்பு" என்று தொடங்கியிருக்கிறார். பதினேழு பெயர்கள், பதினேழுக்கும் எதிரே அன்றைய தேதி இருக்கிறது. அந்த நோட்டு இருந்ததால்தான் அவரால் தவற்றைத் திருத்த முடிந்தது. நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். மூலக் கோப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள்; அப்படிச் செய்தால் உங்கள் விடை தவறாகவே இருந்தாலும் எதுவும் அழியாது.

அண்ணாச்சி நோட்டின் கடைசி வரி இது: 'சேரன்மகாதேவி, ஆசிரியை, பழைய வினாத்தாள், பாமினி.' கட்டம் காலியாக இருக்கிறது. அந்த ஆசிரியையிடம் பேசினேன். கோப்புகளை யூனிகோடில் திறந்தால் தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றனவாம். இது பாமினிதான் என்பது உங்களுக்குப் பார்த்ததும் தெரியும். அவருடைய சம்மதத்தோடு அவர் எண்ணை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். மாலை ஆறு மணிக்குமேல் அழையுங்கள். அதற்கு முன் அவர் பள்ளியிலிருந்து வீடு திரும்பியிருக்க மாட்டார்.