பதில்: சங்கச் சுற்றறிக்கையை என்விடிஏ உளறலாக வாசிக்கிறது

வணக்கம். கோளாறு என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளில் இல்லைங்க, எழுத்துருவில் இருக்கிறது. சுற்றறிக்கையை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததாகச் சொல்கிறீர்கள். அதில் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிந்தாலும், கோப்புக்குள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். பார்வையற்ற உங்கள் உறுப்பினரின் காதில் விழுவதும் அதுவே.

மூல வேர்டு கோப்பை யூனிகோடு (தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் குறிமுறை) மாற்றியில் போட்டு, லதா மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவில் மறுபடி பிடிஎஃப் எடுங்கள். பிறகு ஒருமுறை மெய்ப்பும் பார்த்துவிடுங்கள்; நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குதறிப்போகும் (எனக்கு மின்னஞ்சல் முகவரியே போயிருக்கிறது). ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறிக்கவும் வேண்டும். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின் 3.1.1 விதி கேட்பது இதைத்தான், அதுவும் அடிப்படையான 'ஏ' நிலையிலேயே. அச்செடுத்து ஸ்கேன் செய்து மட்டும் ஏற்றிவிடாதீர்கள், அது வெறும் படம்.