ஆப்பிரிக்க இசை பற்றி ஆய்விதழில் கட்டுரை வெளியிட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கர்நாடக இசையில் முதுகலை முடித்திருக்கிறேன். ஆப்பிரிக்கத் தாளங்களைப் பற்றி எழுதி நல்ல ஆய்விதழில் வெளியிட ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டத்துக்கே பொதுவாக ஒரு தாளம் இருப்பது போலப் பேசுவதைக் கானா நாட்டு இசையியலர் கோஃபி அகாவு 1995-லேயே கடுமையாகக் கேள்வி கேட்டுவிட்டார். ஓர் இனக்குழு, ஒரு கருவி, இரண்டு மூன்று உருப்படிகள். ஒரு கட்டுரைக்கு இதுவே தாராளம்.

உகாண்டாவின் அமடிண்டா என்ற மரக்கட்டை இசைக்கருவியை எடுத்துக்கொள்வோம். வாழைமரத் துண்டுகள் இரண்டின் மேல் 12 மரக்கட்டைகளைக் கிடத்தி மூன்று பேர் வாசிப்பது. முதலாமவர் ஒரு சுர வரிசையைச் சீராக அடிப்பார். எதிரே இருப்பவர் அந்த அடிகளின் இடைவெளியில் தம் வரிசையைச் செருகுவார். மூன்றாமவருக்கு உச்சியில் உள்ள இரண்டே கட்டைகள். இருவர் வாசிப்பும் சேர்ந்து எழும் மெட்டில் கீழ்ச்சுரங்கள் இரண்டும் எங்கெங்கே வருகின்றனவோ அங்கே மட்டும் அவற்றை மேல் ஸ்தாயியில் தட்டுவார்.

கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். வினாடிக்கு எட்டு அடிக்கு மேல் ஓடும் வேகத்தில், காது உயரம் ஒத்த சுரங்களைத் தானே கோத்துக்கொண்டு யாரும் வாசிக்காத மெட்டுகளைக் கேட்கத் தொடங்கிவிடும். ஆஸ்திரிய இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் குபிக் 1960-களில் விளக்கிய விஷயம் இது. கூட்டாக வாசித்த ஒலிப்பதிவை மட்டும் கேட்டு எழுதினால், காதுக்குப் பட்டது தாளில் வரும்; யார் கை எதை அடித்தது என்பது வராது. ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். துணையில்லாமல் வாசிக்க வராது என்றால், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இசை ஆய்வாளர் சிம்ஹா ஆரோம் செய்த வழி இருக்கிறது: முதல் ஆளின் பதிவை இரண்டாமவர் ஹெட்ஃபோனில் கேட்டபடி வாசிப்பார், அது தனியாகப் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு போதும். எம்பி3 வேண்டாம்.

சுருதி விஷயத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. ஐந்து சுரம் என்றதும் மோகனம் என்று எழுதத் தோன்றும். ஸ்தாயியை 1200 சென்ட்டாக (சுர இடைவெளியை அளக்கும் அலகு) கொண்டால் மோகனத்தின் சுரங்கள் ஏறத்தாழ 0, 200, 400, 700, 900-இல் நிற்கும். அமடிண்டாவில் ஐந்து இடைவெளிகளும் கிட்டத்தட்டச் சமம், சுமார் 240 சென்ட். கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும் என்பதால் கட்டை கட்டையாகத் தட்டி அளந்து அட்டவணை கொடுங்கள். சரிகமவும் வேண்டாம், ஐந்துகோட்டுத் தாளும் வேண்டாம். 1 முதல் 5 வரை எண், அடி விழாத இடத்தில் புள்ளி. இதைவிடத் தெளிவான குறியீடு இந்தக் கருவிக்கு இல்லை என்பேன்.

தாளத்திலும் இதே கதை. கானா, டோகோவின் எவே மக்கள் இரும்பு மணியில் அடிக்கும் தாளம் ஒன்று 2-2-1-2-2-2-1 என்று வரும். ஏழு அடி இருக்கிறதே என்று மிஸ்ர சாபு ஆக்கிவிடாதீர்கள். மொத்தம் 12 துடிப்பு. ஆடுபவர் கால் மும்மூன்று துடிப்புக்கு ஒன்றாக நான்கு முறை விழும். அதனால் ஆட்டத்தையும் வீடியோ எடுக்காமல் தாளம் எழுத உட்காராதீர்கள்.

அனுமதி வாங்க மாதக் கணக்கில் ஆகலாம். உகாண்டாவில் முதலில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் ஆய்வு அனுமதி. இசைக்கலைஞர்களிடம் பதிவு செய்ய, கட்டுரையில் பெயர் போட, இணையத்தில் ஏற்ற என்று மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். பொத்தாம்பொதுவாக ஒரு கையெழுத்து வாங்கி வந்தால், ஒலியை வெளியிடும்போது மறுபடி அவர்களைத் தேடிப் போக வேண்டிவரும்.

இதழ்கள்: இசை ஆய்வாளர் ஹ்யூ ட்ரேசி 1954-இல் நிறுவிய பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகத்தின் 'ஆப்பிரிக்கன் மியூசிக்', அதே ஆண்டில் தொடங்கியது, இப்போது தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் 'ஜர்னல் ஆஃப் த மியூசிக்கல் ஆர்ட்ஸ் இன் ஆப்பிரிக்கா' 2004-இல் தொடங்கியது. கருவி, குறியீடு, சுருதி அளவு என்று போகிற கட்டுரையை முதலில் 'ஆப்பிரிக்கன் மியூசிக்'குக்கு அனுப்புவேன். இரண்டின் பழைய இதழ்களையும் புரட்டிவிட்டு அனுப்புங்கள். உங்கள் உருப்படியை ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால், அதைக் குறிப்பிடாத கட்டுரையை மதிப்பீட்டாளர் நம்ப மாட்டார். பெயர் மறைத்து மதிப்பிடும் இதழானால் கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயரை நீக்குங்கள், பலர் மறப்பது இதைத்தான். ஒரே வாரத்தில் ஏற்பு, உடனே பணம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

உருப்படியின் அமைப்பை உட்கார்ந்து விளக்கிச் சொன்ன கலைஞர் சம்மதித்தால், அவரை நன்றியுரையில் ஒதுக்காமல் இணை ஆசிரியராகவே போடுங்கள். பதிவுகளின் ஒரு பிரதியை அவருக்கும், இன்னொன்றைக் கம்பாலாவின் மகெரேரே பல்கலைக்கழக இசைக் காப்பகத்துக்கும் கொடுங்கள்.